யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர்: அடிக்கடி போகிறவர்கள் கூட்டத்தைச் சமாளிக்கும் வழி

ஆண்டுச் சீட்டு வாங்கிய குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. முதல் இரண்டு தடவை வாயில் திறக்கும் முன்பே போய் நின்று, மூடும்வரை சுற்றுவார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டால் பிள்ளைகளே "வேண்டாம்" என்பார்கள். மீதி மாதங்களில் அந்தச் சீட்டு கைபேசியிலேயே தூங்கும். பூங்காவில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் டிக்கெட்டுக்காரர் ஓடுகிற ஓட்டத்தை இவர்களும் ஓடியதுதான் காரணம். அவருக்கு அந்த ஒரு நாள்தான், எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது.

அடிக்கடி போகிறவர்களுக்கு எங்கள் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: மூன்று மணி நேரம், இரண்டு ரைடு, ஒரு ஷோ. அதற்கு மேல் கிடைத்தால் லாபம். எந்த இரண்டு ரைடு என்பதை ரயில் ஏறும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். உள்ளே போய் முடிவு செய்தால், குறைந்த காத்திருப்பு நேரம் காட்டுகிற பலகையைத் தேடியே அரை மணி நேரம் நடப்பீர்கள். ஆசைப்பட்டு வந்ததும் விட்டுப்போகும்.

சீட்டு வாங்கும் முன் அதன் விதிகளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, எந்தெந்த நாள்களில் அது செல்லாது என்ற பட்டியல். வழக்கமாகக் கூட்டம் அதிகமுள்ள விடுமுறை நாள்களே அதில் இருக்கும், ஆகவே பெரிய இழப்பில்லை. ஆனால் அந்த நாள்களைத் தவிர உங்களுக்கு விடுப்பே கிடைக்காது என்றால் சீட்டு வாங்காதீர்கள். இரண்டாவது, வருகையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா என்பது.

எந்த நாள், எந்த நேரம்

பள்ளி நடக்கிற வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன். இது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் ஏமாறுவது மற்ற சில நாள்களில்.

ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆண்டு முடியும்வரை ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். இந்தப் பள்ளி விடுமுறைகள் நாள்காட்டியில் பளிச்சென்று தெரியும். பெரியவர்களுக்கு வேலைநாளாக இருந்து பிள்ளைகளுக்கு மட்டும் விடுப்பு வருகிற நாள்கள் அப்படித் தெரியாது. ஜூலை முதல் ஞாயிறு இளையர் தினம், அடுத்த திங்கள் பள்ளி இல்லை. செப்டம்பர் முதல் வெள்ளி ஆசிரியர் தினம். அக்டோபர் முதல் வெள்ளி சிறுவர் தினம். இவற்றோடு, அக்டோபரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் நாள்கள் வரும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்போது விடுப்பு. வாரத்தின் நடுவில் வருவதால் "புதன்கிழமைதானே, காலியாக இருக்கும்" என்று கிளம்பி வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை இல்லையென்றால் கல்வி அமைச்சின் நாள்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அண்டை நாடுகளின் விடுமுறையும் கணக்கில் வரும். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வாரயிறுதி சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதற்கு முன் அங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை. பழைய ஆலோசனைகளில் "வெள்ளிக்கிழமை வேண்டாம், ஞாயிறு பரவாயில்லை" என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். மே தினத்தையும் அக்டோபர் முதல் வாரத்தையும் ஒட்டிச் சீனப் பயணிகள் அதிகம் வருவார்கள். நோன்புப் பெருநாளை ஒட்டி இந்தோனேசியக் குடும்பங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்கத் தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போகிற காலமும் அதுதான். அவர்களோடு போகும்போது மூன்று மணி நேரக் கணக்கு செல்லாது. அவர்களுக்கு ஒருநாள் டிக்கெட் கணக்கு, நீங்கள் வழிகாட்டி. அன்று உங்கள் ஆசைகளை ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, அடிக்கடி போகிறவர்களுக்குக் காலையைவிடப் பிற்பகலே சிறந்தது. சுற்றுலாப் பேருந்துகளும் பள்ளிக் குழுக்களும் காலையில் வந்து பிற்பகலில் புறப்பட்டுவிடும். மூன்றரை, நான்கு மணிக்கு உள்ளே போனால் வெயிலும் சாயும், எதிரே ஒரு கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கும். ஆனால் அன்று பூங்கா எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். நேரம் நாளுக்கு நாள் மாறும். செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடக்கிற நாள்களில், இரவு நிகழ்ச்சிக்குத் தனி டிக்கெட் என்பதால், பகல்நேர வருகையாளர்களைச் சீக்கிரமே அனுப்பிவிடுவார்கள்.

காலையில்தான் முடியும் என்றால் அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்பு வாயிலில் இருங்கள். உள்ளே நுழைந்தால் ஹாலிவுட் வீதி, எதிரே ஏரி. பகுதிகள் எல்லாம் அந்த ஏரியைச் சுற்றித்தான். வலப்பக்கம் போனால் நியூயார்க், அடுத்து சை-ஃபை சிட்டி, பிறகு ஏன்சியன்ட் ஈஜிப்ட், லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே. இடப்பக்கம் மினியன் லேண்ட். முன்பு மடகாஸ்கர் இருந்த இடத்தில் 2025 பிப்ரவரி 14 அன்று இது திறந்தது. இப்போது காலைக் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது: சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் மினியனுக்கு, மற்றவர்கள் சை-ஃபை சிட்டியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு. இரண்டையும் விட்டுவிட்டு நேரே ஏன்சியன்ட் ஈஜிப்டுக்கு நடந்து, ரிவெஞ்ச் ஆஃப் த மம்மியில் ஏறிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். திரையரங்கு போன்ற மினியன் மேஹெம் ரைடு கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஏற்றது, அப்போது சிறு பிள்ளைகள் களைத்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வரிசையின் நீளத்தை நம்பாதீர்கள்

நீளமான வரிசை மெதுவாக நகரும் என்ற விதி இல்லை. ஒரு மணி நேரத்தில் அந்த ரைடு எத்தனை பேரை ஏற்றுகிறது, அதில் எத்தனை இடம், கூடுதல் காசு கொடுத்தவர்கள் முந்திப் போகிற எக்ஸ்பிரஸ் பாதைக்குப் போகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் உங்கள் காத்திருப்பு.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் வரிசைக்கு நான்கு பேராக மூன்று வரிசை, மொத்தம் 12 இருக்கை. உதாரணத்துக்கு, அரை நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். அதில் பாதி இடம் எக்ஸ்பிரஸுக்குப் போனால் பொதுவரிசைக்கு 720. உங்களுக்கு முன்னால் 240 பேர் இருந்தால் இருபது நிமிடம். அதே 240 பேர் கேனபி ஃபிளையருக்கு நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதில் ஒரு தொங்கு வண்டிக்கு நான்கே பேர், பாதிப் பேர் முன்னோக்கி, பாதிப் பேர் பின்னோக்கி உட்காருவார்கள். வரிசை சின்னதாகத் தெரியும், நகரவே நகராது.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு. 2013-இல் நிறுத்தப்பட்ட அந்த இரட்டை ரோலர் கோஸ்டர் 2015-இல் மீண்டும் திறந்தபோது, நான்கு இருக்கைப் பெட்டிகளுக்குப் பதில் இரண்டு இருக்கைப் பெட்டிகள் வந்தன. ஒரு சுற்றில் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆகவே அந்த வரிசையைப் பார்த்து உங்கள் மனம் சொல்லும் நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பலகையில் காட்டும் நேரத்தைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. வளைந்து வளைந்து போகிற வரிசையில் நுழைந்ததும் இரண்டு வளைவு தள்ளி ஒரு தூணைக் குறித்துக்கொள்ளுங்கள், கைக்கடிகாரத்தையும் பாருங்கள். அந்தத் தூணை நீங்கள் அடைய ஆறு நிமிடம் ஆகி, அதற்கப்பால் இன்னும் ஆறு வளைவு மிச்சமிருந்தால், இன்னும் பதினெட்டு நிமிடம். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர்களுக்கும் பொழுது போகும், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடமும் நடக்கும். இந்தக் கணக்கு பிசகுவது ஓர் இடத்தில்தான்: எக்ஸ்பிரஸ் பாதையும் பொதுவரிசையும் சேரும் முனையில். சுற்றுலாக் குழு ஒன்று எக்ஸ்பிரஸில் வந்துவிட்டால் பொதுவரிசை ஐந்து நிமிடம் அசையாது. ரைடு பழுதாகிவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் வெளியேறிவிடாதீர்கள். உண்மையில் பழுதானால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சொன்னபின் நிற்பதும் போவதும், எஞ்சியிருக்கும் தொலைவைப் பொறுத்தது. ஏறுமிடம் கண்ணுக்குத் தெரிந்தால் பதினைந்து நிமிடம் பாருங்கள். தெரியாவிட்டால் விலகிவிடுங்கள், அடுத்த வாரம் வரலாம்.

சிங்கிள் ரைடர் பாதை

கூட வந்தவர்களைப் பிரிந்து தனித்தனியாக உட்காரச் சம்மதிக்கிறவர்களுக்கான பாதை இது. அடிக்கடி போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. எக்ஸ்பிரஸுக்குக் காசு கொடுப்பதற்குமுன் இதைப் பழகிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, பேட்டில்ஸ்டார், ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸ் ஆகியவற்றில் இந்தப் பாதை உண்டு. நால்வர் வரிசையில் மூவர் கொண்ட குடும்பம் உட்கார்ந்தால் மிஞ்சுகிற ஒற்றை இருக்கைக்குத்தான் உங்களை அழைப்பார்கள். அதனால் மூன்று, ஐந்து பேர் கொண்ட குடும்பங்கள் நிறைய வரும் நாளில் இந்தப் பாதை விறுவிறுவென்று போகும். இருவர் இருவராக வருகிற நாளில் ஒற்றை இருக்கை மிஞ்சாது, இங்கேயும் தேக்கம்தான். பாதை நிரம்பினால் ஊழியர்கள் சிறிது நேரம் மூடிவிடுவார்கள். அப்போது அங்கேயே நிற்க வேண்டாம், பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

"பிள்ளையை மட்டும் என்னோடு உட்கார வையுங்கள்" என்று அங்கே கேட்காதீர்கள். தனித்தனியாக உட்காருவதுதான் பாதையின் விதியே, ஊழியரைச் சங்கடப்படுத்துவதில் பயன் இல்லை. துணையில்லாமல் ஏற முடியாத பிள்ளைக்கு இந்தப் பாதை பொருந்தாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குக் குறைந்தது 102 செ.மீ., ஜுராசிக் பார்க்குக்கு 107 செ.மீ. உயரம் வேண்டும். இரண்டிலுமே 122 செ.மீட்டருக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் உட்கார வேண்டும். மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டாருக்கு 125. வீட்டிலேயே காலணி இல்லாமல் சுவரில் அளந்துவிட்டு வாருங்கள். தடித்த காலணி போட்டு ஒரு செ.மீ. கூட்டிக்கொண்டு வந்து, நுழைவில் அளக்கும்போது பிள்ளை அழுவதைப் பார்ப்பது மிகவும் வேதனையானது. அந்த உயரம் இருக்கையின் பூட்டு உடலைப் பிடிப்பதற்காக வைத்தது, அதில் பேரம் கிடையாது.

கைக்குழந்தை இருந்தால் வரிசை முகப்பில் உள்ள ஊழியரிடம் குழந்தையை மாற்றிப் பார்த்துக்கொள்ளும் வசதியைக் கேளுங்கள். ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். கேட்காதவர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

மின்னல் எச்சரிக்கை

சிங்கப்பூரில் பூங்காத் திட்டத்தைக் குலைப்பது கூட்டத்தைவிட மின்னல்தான். மழை சும்மா பெய்தால் பல ரைடுகள் ஓடும். மின்னல் எச்சரிக்கை வந்தால் பேட்டில்ஸ்டார், ஜுராசிக் பார்க், கேனபி ஃபிளையர் போன்ற திறந்தவெளி ரைடுகள் உடனே நிற்கும். அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, மினியன், ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் ஆகிய கூரைக்குக் கீழான ரைடுகளுக்கு ஓடுவார்கள். பதினைந்து நிமிட வரிசை அடுத்த கால் மணி நேரத்தில் ஒரு மணி நேரமாகிவிடும்.

அதனால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வ் (myENV) செயலியில் மழை வரைபடத்தை அரை மணிக்கொரு தரம் பாருங்கள். பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவை நோக்கிச் சிவப்பு, ஊதாத் திட்டுகள் நகர்ந்து வந்தால், எச்சரிக்கை ஒலிக்கும் முன்பே உள்ளரங்க வரிசையில் நுழைந்துவிடுங்கள். தவறவிட்டால் வரிசையில் சேராதீர்கள். அதுதான் சாப்பிடும் நேரம். அல்லது நியூயார்க் பகுதியில் லைட்ஸ், கேமரா, ஆக்‌ஷன் அரங்குக்குப் போங்கள். செயற்கைப் புயல் காட்டும் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு முறைக்கு நிறையப் பேரை உள்ளே விடுவார்கள்.

வானம் வெளுத்ததும் பேட்டில்ஸ்டாருக்குக் கீழே வந்து அண்ணாந்து பாருங்கள். ஆளில்லாத ரயில் தடத்தில் ஓடினால் சோதனை ஓட்டம் நடக்கிறது என்று பொருள், சற்று நேரத்தில் திறந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று காலி ரயில் சுற்றுவதைக் கவனிக்கிறவர்கள் வெகு சிலரே. மற்றவர்கள் இன்னும் மம்மி வரிசையில் நிற்பார்கள். பூங்காவில் கிடைக்கும் மிக நல்ல இருபது நிமிடம் இதுதான். இருக்கை ஈரமாக இருக்கும், சின்னத் துண்டு ஒன்று இடுப்பில் இருக்கட்டும்.

நனைவது, சாப்பிடுவது, சுமப்பது

ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸில் வட்ட மிதவை சுற்றிக்கொண்டே போகும். யார் நனைவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. போஞ்சோ என்கிற மழை மேலங்கி மேலுடம்பைக் காக்கும், காலணியைக் காக்காது. ஈரக் காலுறையோடு இரண்டு மணி நேரம் நடந்தால் குதிகாலில் கொப்புளம் வந்து மறுநாள் நடக்க முடியாது. இதனால்தான் பலர் அந்த ரைடையே வெறுக்கிறார்கள். வழி சுலபம்: வருகையின் கடைசி ரைடாக வையுங்கள், ஜிப் பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையும் ஒரு சட்டையும் கொண்டு வாருங்கள். ஈரத்தோடு குளிரூட்டிய ரயிலில் ஏறினால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று பாட்டி கவலைப்படுவதற்கும் அதுவே பதில்.

பை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. மம்மியிலும் பேட்டில்ஸ்டாரிலும் பையோடு ஏற முடியாது. அருகிலுள்ள லாக்கர் குறிப்பிட்ட நேரம்வரைதான் இலவசம். பையே இல்லாதவர் லாக்கர் முன் நிற்கவும் வேண்டாம், இலவச நேரம் தீர்ந்துவிடுமோ என்று வரிசையில் தவிக்கவும் வேண்டாம். ஒருவர் மட்டும் சின்னப் பை சுமந்து, ரோலர் கோஸ்டர் வேண்டாதவராகவும் இருந்துவிட்டால் குடும்பத்துக்கே வசதி. உள்ளே வைக்க வேண்டியவை: ஆளுக்கொரு தண்ணீர் போத்தல், துண்டு, காலுறை, போஞ்சோ, கைபேசி மின்னேற்றி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. வெளியுணவுக்கு அனுமதி இல்லை, தண்ணீரை உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். பிள்ளைகள் தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வரிசையில் நுழையும் முன்பும் நான்கு வாய் குடிக்கப் பழக்குங்கள். மாலையில் வருகிற தலைவலியும் எரிச்சலும் பெரும்பாலும் தண்ணீர் குறைவால்தான், பிள்ளையின் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிவிடுகிறோம்.

சாப்பாட்டைப் பதினொன்றரைக்குள் முடியுங்கள், அல்லது இரண்டரைக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாக்குக்கு ஏற்றதை ஏன்சியன்ட் ஈஜிப்ட் பகுதியில் உள்ள ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் தேடலாம். சாப்பிட்ட கையோடு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வேண்டாம். முப்பரிமாணத் திரையும் குலுங்கும் வண்டியும் சேர்ந்து குமட்டும். முக்கால் மணி நேரம் விடுங்கள். குமட்டல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தலையை இருக்கையில் நன்றாகச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, ஆறாவது தடவை

பழகிய இடம் சலிக்காமல் இருக்க, ஒவ்வொரு வருகைக்கும் புதிதாக ஒன்றைப் பார்க்க வையுங்கள். வாட்டர்வேர்ல்டு ஷோவை ஒருமுறை நனையும் முன்வரிசையிலிருந்து பாருங்கள், அடுத்தமுறை மேல்வரிசை ஓரத்திலிருந்து. சாகசக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள், வெடிக்கும் முன் எங்கே நகர்கிறார்கள் என்பது மேலிருந்து பார்த்தால்தான் புரியும். காட்சி தொடங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அரங்கு நிரம்பும்போது பக்கத்திலுள்ள ரைடு வரிசைகள் இளகும், முடிந்த கையோடு அவையே வீங்கும். பேட்டில்ஸ்டாரில் இன்று சைலான் பக்கம், அடுத்தமுறை ஹியூமன் பக்கம். சைலானில் கால் தொங்கும், தடம் தலைக்கு மேலே. ஹியூமனில் உட்கார்ந்தபடி தடத்தின் மேல் போவீர்கள், வேகமும் அதில் கூடுதல், மணிக்கு 90 கி.மீ. அருகருகே ஓடினாலும் இரண்டும் வெவ்வேறு அனுபவம்.

பெரியவர்கள் கூட வந்தால் நியூயார்க் வீதியின் கூரைக்குக் கீழே ஓர் இடம் பிடித்து உட்காரச் சொல்லுங்கள். அந்தக் கட்டடங்கள் படப்பிடிப்புத் தளம்போல முகப்பு மட்டும் கட்டி, பழைய செங்கல்லும் துருவும் பூசியவை. எது வர்ணம், எது நிஜம் என்று தேடுவதில் தாத்தாவும் பேரனும் அரை மணி நேரத்தைக் கழிப்பார்கள்.

கிளம்பும் நேரம்

மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்துவிட்டால் வழக்கமாக ஏற்றி அனுப்புவார்கள். அதனால் கடைசி ரைடுக்கு, மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு நுழையுங்கள். அந்த நேரத்தில் பலகை முப்பது நிமிடம் காட்டினாலும் உள்ளே அவ்வளவு ஆள் இருப்பது அரிது. அது முடிந்து வெளியே வந்தால் மொத்தக் கூட்டமும் ரிசோர்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸுக்கு நிற்கும். தீவிலிருந்து வெளியே போகக் கட்டணம் இல்லை என்பதால் எல்லாரும் அதையே பிடிக்கப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குக் கால் வலிக்கவில்லையென்றால் செந்தோசா போர்டுவாக் வழியாக நடந்துவிடுங்கள். விவோசிட்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், கடற்காற்று, வெயில் மழைக்குக் கூரையும் உண்டு. வரும்போதும் அந்த வழியே நடந்தால் ரயிலுக்கான நான்கு வெள்ளி ஆளுக்கு மிச்சம். மாதம் இரண்டு தடவை போகும் குடும்பத்துக்கு அந்தக் காசில் வருடத்துக்குச் சில வேளைச் சாப்பாடு ஆகும்.